மூன்றாம் நம்பர் மெஷினின் இரண்டு கதவுகள்

எங்கள் சலவைக்கூடத்தை ஒரு சுவர் இரண்டாகப் பிரிக்கிறது. ஐந்து பெரிய துவைக்கும் மெஷின்கள் அந்தச் சுவருக்குள் பதிந்து நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவுகள், சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. ஆஸ்பத்திரியின் அழுக்குத் துணியெல்லாம் அந்தப் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போகும். துவைத்துப் பிழிந்தபின் இந்தப் பக்கத்துக் கதவு வழியாக எங்கள் கைக்கு வரும். அழுக்குத் துணி சுத்தத் துணியைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். மனிதர்களுக்கும் அதே சட்டம்தான். அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பின்வாசல், எங்களுக்கு முன்வாசல். அவர்களுக்கு ஆறு மணிக்கு வேலை தொடங்கும், எங்களுக்கு ஏழு மணிக்கு. சாப்பாட்டு நேரமும் வேறு. அந்தப் பக்கம் போனவர் யாராக இருந்தாலும், இடையில் இருக்கும் அறையில் தலையோடு குளித்து உடை மாற்றிக்கொண்டுதான் இந்தப் பக்கம் வர வேண்டும். அதனால் யாரும் போவதில்லை.

மூன்றாம் நம்பர் மெஷின் என் பொறுப்பு. பதினோரு வருஷம் அதன் கதவைத் திறந்து துணியை எடுத்திருக்கிறேன். அந்தப் பதினோரு வருஷமும் சுவருக்கு அப்பால் நின்று யாரோ அதில் துணி போட்டார்கள். டிரம் காலியாக இருக்கும்போது குனிந்து பார்த்தால், இரண்டு கண்ணாடி வழியாகவும் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். சில சமயம் நீல ரப்பர் உறை போட்ட இரண்டு கைகள் தெரியும். முகம் தெரியாது. அந்தக் கைகளை எங்கள் மேஜை திட்டாத நாள் கிடையாது.

எங்கள் மேஜை என்றால் துணி மடிக்கும் நீள மேஜை. அதை ஒட்டி ஒரு பெஞ்சு, அதில் ஏழு பேர். ஜன்னலோரம் முதல் ஆள் தையல்காரம்மா. கிழிந்த விரிப்புகளைத் தைப்பது அவர் வேலை. ஊசியைவிட வாய் கூர்மை. கடைசி ஆள் நான். எனக்குப் பக்கத்தில், ஆறாவதாக, அக்கா.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. மேஜைக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டிய கட்டில் விரிப்பை அவள் ஒருத்தியே மடிப்பாள். ஒரு ஓரத்தை மோவாயில் அழுத்திக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, ஒரு உதறு உதறினால் விரிப்பு தானாக நாலாகி விழும். பேசிக்கொண்டே மடிப்பாள் என்று சொல்ல முடியாது, மோவாய் மாட்டிக்கொண்டிருக்குமே. விரிப்பு விழுந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். அதனால் அவள் சொல்லும் கதையெல்லாம் துண்டு துண்டாக வரும். கேட்கிறவர்களுக்கு அடுத்த துண்டுக்குக் காத்திருக்கும் சுகம்.

அவள் புருஷன் வேலைக்கென்று வேறு ஊர் போனவர். இரண்டு வருஷம் கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அக்கா தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். தம்பியும் தம்பி மனைவியும் நல்லவர்கள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு அறை வீடு. டிவியை அணைத்தபின்தான் அவள் பாயை விரிக்க முடியும். ஒருநாள் விரிப்பு விழுந்த இடைவெளியில் சொன்னாள்:

"வீட்ல எனக்குன்னு இருக்கிறது ஒரு பெட்டி, ஒரு ஆணி. பெட்டி கட்டிலுக்கு அடியில. ஆணியில தம்பி சட்டையும் சேர்ந்து தொங்கும். இங்கதாம்மா ஒரு அடி பெஞ்சு முழுசா எனக்கே எனக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். நான் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். மேஜையில் எனக்கு வாயில்லாப் பூச்சி என்று பெயர்.

எங்கள் சலவைக்கூடத்துக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. ஆபரேஷன் தியேட்டர் துணி. பச்சை அங்கிகளும் பச்சை விரிப்புகளும் பத்தரை மணி லிஃப்டில் மேலே போயாக வேண்டும். அங்கே அவற்றைக் கட்டுக் கட்டி, ஆவியில் வைத்து, மறுநாள் ஆபரேஷனுக்குத் தயார் செய்வார்கள். எங்கள் துணியோ தினமும் பதினொன்றரை லிஃப்டில்தான் போகும். சில நாள் அதுவும் தவறும். பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவே வரும் லிஃப்டெல்லாம் நோயாளிகளின் சாப்பாட்டு வண்டிக்கு. மேலே இருந்து போன் வரும், மேனேஜர் திட்டு வாங்குவார், நாங்கள் அந்த நீலக் கைகளைத் திட்டுவோம்.

"வேணும்னே கடைசியில போடுறானுங்க. நம்மள அலைய விட்டுப் பார்க்கணும், அதுல ஒரு சந்தோஷம்" என்பார் தையல்காரம்மா.

அங்கிகளின் நாடாக்கள் வேறு ஒன்றோடொன்று சிக்கிப் பந்தாக வரும். அதைப் பிரிப்பதற்கே தனியாக அரைமணி நேரம் போகும். அதுவும் அவர்கள் பழி வாங்குவதுதான் என்று முடிவு கட்டியிருந்தோம்.

அந்த வருஷம் புது மேனேஜர் மேடம் வந்தார். சின்ன வயசு, நல்ல மனசு, கையில் எப்போதும் கலர் கலராக ஒட்டும் தாள். எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம் போட்டார், அந்தப் பக்கத்தில் ஒரு கூட்டம் போட்டார். இரண்டிலும் ஒரே பேச்சு. நாம் எல்லோரும் ஒரே டீம், ஒரே குடும்பம். பிறகு ஒரு யோசனை சொன்னார். எங்களில் ஒருவர் மூன்று மாதம் இரண்டு பக்கமும் போய் வர வேண்டும். எங்கே இடிக்கிறது என்று பார்த்து, பேசி, சரிசெய்ய வேண்டும்.

"வெளியில இருந்து ஆள் கூட்டிட்டு வந்தா உங்க வேலை அவங்களுக்குப் புரியாது. உங்கள்ல ஒருத்தர்தான் வேணும். யாரு போறீங்க?"

எல்லோரும் மேஜையைப் பார்த்தோம். மேடத்தின் கண் பெஞ்சு நெடுகப் போய் என்மேல் நின்றது.

"நீங்க? நீங்க எல்லாத்தையும் கவனிக்கிறீங்கன்னு நான் கவனிச்சிருக்கேன்."

முன்பின் தெரியாத ஆண்கள், அந்தப் பின்வாசல், கேள்வி கேட்பது, பதில் சொல்வது. கையில் இருந்த தலையணை உறையைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா அந்த உறையைப் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

"நான் போறேன் மேடம். ஒண்ணு மட்டும். மூணு மாசம் கழிச்சு என் இடம் எனக்குத்தானே?"

"உங்க இடம் உங்களுக்குத்தான்கா. புது ஆள் யாரையும் உட்கார வைக்க மாட்டேன்."

"அது போதும்."

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்துகொண்டே என்னிடம் சொன்னாள்: "என் இடத்துல துணிய அடுக்கி வைக்காத. அப்புறம் அது துணி வைக்கிற இடமாயிடும்."

மறுநாளிலிருந்து அவள் குளிக்க ஆரம்பித்தாள்.

அந்தப் பக்கம் போய் வந்தால் ஒரு குளியல். எங்களிடம் ஒன்று கேட்டு, அவர்களிடம் போய்ச் சொல்லி, பதில் வாங்கி வந்தால் இன்னொன்று. ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு முறை. அந்தக் குளியலறையில் ஆஸ்பத்திரி சோப்பு, மஞ்சள் நிறம், கை வெடிக்கும். அவள் தலைமுடி அந்த மூன்று மாதமும் காயவே இல்லை. பின்னலில் இருந்து சொட்டிய தண்ணீர் முதுகில் எப்போதும் ஒரு ஈரக்கோடு போட்டிருக்கும். முதலில் யார் சொன்னார்களோ தெரியாது, ஈரத்தலை என்று பெயர் விழுந்துவிட்டது. ஈரத்தலை வருது, பேச்ச நிறுத்து.

ஆமாம், அதுதான் நடந்தது. முதல் வாரத்திலேயே எங்கள் மேஜை அவளைக் கண்டதும் பேச்சை மாற்ற ஆரம்பித்தது. நாங்கள் சொல்வதை அங்கே போய்ச் சொல்கிறாள் என்றார்கள். சொல்லத்தானே அனுப்பினார்கள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. அந்தப் பக்கத்திலும் அதே கதைதான் என்று அவளே பிறகு சொன்னாள். அவள் உள்ளே நுழைந்தால் யாராவது இருமுவார்களாம், உடனே ஐந்து பேரும் மும்முரமாகத் துணி பிரிப்பார்களாம்.

சாப்பாடும் கெட்டது. அந்தப் பக்கம் பதினொன்றுக்குச் சாப்பிடும், அப்போது அவள் இங்கே இருப்பாள். நாங்கள் பன்னிரண்டரைக்குச் சாப்பிடுவோம், அவள் அங்கிருந்து கிளம்பி, குளித்து, உடுத்தி வருவதற்குள் டப்பாவைக் கழுவிக்கொண்டிருப்போம். ஒருநாள் குளியலறைப் பக்கம் போனபோது பார்த்தேன். செருப்பு அடுக்கும் தட்டின் ஓரத்தில் டப்பாவை வைத்து, நின்றுகொண்டே சாப்பிட்டாள். ஒரு பக்கம் அந்தப் பக்கத்துக் கதவு, ஒரு பக்கம் எங்கள் கதவு. என்னைப் பார்த்ததும், "காத்து நல்லா வருது இங்க" என்றாள். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

முதலில் சீட்டு எழுதிப் பார்த்தாள். எந்த மெஷினில் என்ன துணி, எத்தனை மணிக்கு என்று சீட்டு எழுதி மூட்டையில் செருகச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் செருகினார்கள். மூட்டையோடு மெஷினுக்குள் போட்டார்கள். எங்களுக்கு மாவாக வந்து சேர்ந்தது. பச்சை அங்கியெல்லாம் வெள்ளைப் பொட்டு. பிறகு ஒரு மணி கட்டினாள். இங்கே துணி எடுத்ததும் அடித்தால் அங்கே அடுத்ததைப் போடலாம். தையல்காரம்மா முதல் மணியிலேயே கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன இது, பள்ளிக்கூடமா? அடுத்து வரிசையா நிக்க வச்சுப் பாட்டுப் பாடச் சொல்லுவியா?"

"அது உனக்கு இல்லடி, அந்தப் பக்கத்துக்கு."

"காது எனக்குத்தான இருக்கு?"

மணியும் போயிற்று. ஒரு மாதம் முடிந்தது. தியேட்டர் துணி பதினொன்றரைக்கே போய்க்கொண்டிருந்தது.

அதன்பின் அவள் யாரிடமும் எதுவும் சொல்வதை நிறுத்தினாள். கேட்பதையும் நிறுத்தினாள். அந்தப் பக்கத்தில் ஒரு பழைய உறையை வாங்கி மாட்டிக்கொண்டு அவர்களோடு சேர்ந்து துணி பிரிக்க ஆரம்பித்தாள். மூன்றாம் நம்பருக்குத் துணி போடுகிறவரைப் பயில்வான் என்று கூப்பிடுவார்களாம். நம் ஆட்கள் ஒல்லிக்குத்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். வேலையில் முப்பது வருஷம் கழித்தவர், ஓய்வு பெற நாலு வருஷம் பாக்கி. அவர்தான் ஒருநாள் மெஷினைத் தட்டிக்கொடுத்துச் சொன்னாராம்:

"இவ சீக்காளிம்மா. மத்த நாலும் நாப்பது நிமிஷத்துல முடிச்சிடும். இவளுக்குக் காலையில ரெண்டு மணி நேரம். மத்தியானம் வேகமா ஓடுவா. காலையிலதான் மந்தம். என்ன பண்றது, எனக்கும் காலையில முட்டி பிடிச்சுக்குது."

"மெக்கானிக்கிட்ட சொல்லலியா அண்ணே?"

"நாலு தடவ வந்தாரு. பெல்ட்ட மாத்தினாரு, மோட்டாரைக் கழட்டிப் பூட்டினாரு. ஆனா அவரு வர்றது மத்தியானம். அப்போ இவ சமத்தா ஓடிக் காட்டுவா. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விடுற மாதிரி."

"அப்ப இதுல சும்மா டவலு, துடைக்கிற துணின்னு போட வேண்டியதுதான?"

பயில்வானுக்கு அது பொறுக்கவில்லையாம். "என்னம்மா இப்படிச் சொல்லிட்ட? மெதுவா துவைக்கிறவதான் அழுக்கு போகத் துவைப்பா. அதனாலதான் தியேட்டர் துணிய இவகிட்ட மட்டும் குடுக்கிறோம். காலையில தியேட்டர் மூட்டை வந்ததும் முதல் வேலையே அதுதான். எட்டு நாப்பதுக்குப் போட்டுருவோம். உசுரு சம்பந்தப்பட்ட துணியில்லையா?"

அக்கா கதவின் மேல் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்தாளாம். உள்ளே துணி இருக்கும் வரை அந்த விளக்கு எரியும். துவைத்துக்கொண்டிருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். துவைத்து முடித்து மறுபக்கத்தில் யாரும் எடுக்காமல் கிடந்தாலும் அது சிவப்பாகத்தான் எரியும். மெஷினிலும் தண்ணீரிலும் இரைச்சல் நிறைந்த அந்த இடத்தில் எது ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று காதுக்குத் தெரியாது.

மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு வந்து என் பின்னால் நின்றாள். ஒன்பது இருபதுக்கு மூன்றாம் நம்பர் நின்றது. எங்கள் பக்கத்துப் பச்சை விளக்கு எரிந்தது. நான் திறக்கவில்லை. திறக்க முடியாது. கதவுக்கு நேர் முன்னால் வார்டுக்குப் போகும் பெரிய டிராலி நின்றது. ஒன்பது மணிக்கு டிராலிக்காரர் அதை அங்கே நிறுத்துவார், வார்டு விரிப்புகளை ஏற்றுவார், பத்தரை லிஃப்ட் வந்ததும் தள்ளிக்கொண்டு போவார். அவர் போனபின் நான் கதவைத் திறப்பேன். தினமும் அப்படித்தான். டிராலி மறைப்பதால் உள்ளே கிடப்பது என்ன துணி என்று மேஜைக்குத் தெரியாது. தியேட்டர் துணி ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளேயே கிடக்கும்.

அக்கா என் பக்கத்தில், தன் இடத்தில் உட்கார்ந்தாள். என் குவியலில் இருந்து ஒரு விரிப்பை எடுத்து மோவாயில் மாட்டினாள். விரிப்பு விழுந்தது.

"ஏம்மா, டிராலிய நகர்த்தச் சொல்லலாம்ல?"

"அவரு சத்தம் போடுவாருக்கா."

"போட்டிருக்காரா?"

"இல்ல. வேற ஆளுங்ககிட்ட போடுறதப் பாத்திருக்கேன்."

"எத்தன வருஷமா சொல்லாம இருக்க?"

அவளுக்கே கணக்குத் தெரியும். இன்னொரு விரிப்பை எடுத்தாள், மடித்தாள், அடுக்கினாள். பிறகு என் முழங்கால்மேல் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு எழுந்து டிராலிக்காரரிடம் போனாள். அந்த ஈரக்கை பட்ட இடம் என் உடையில் கொஞ்ச நேரம் தெரிந்தது.

டிராலிக்காரர் நிஜமாகவே சத்தம் போட்டார். ஆனால் காரணம் இருந்தது. டிராலியின் ஒரு சக்கரத்தில் பிரேக் உடைந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எங்கள் தரையோ தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகப் போட்டது. எங்கே நிறுத்தினாலும் வண்டி தானாக நடக்க ஆரம்பிக்கும். மூன்றாம் நம்பருக்கு முன்னால் மட்டும்தான் சமதளம்.

"புது பிரேக் கேட்டு எழுதிக் குடுத்தேன்மா. எழுதினவன் ரிட்டயர் ஆயிட்டான், பிரேக் வரல. நான் என்ன வண்டிய மடியிலயா வச்சுக்க முடியும்?"

அக்கா போய், உடைந்த ஒரு பெட்டியிலிருந்து மரத்துண்டை எடுத்து வந்து, டிராலியை ஆறடி தள்ளி நிறுத்தி, சக்கரத்துக்குக் கீழே அந்த ஆப்பைச் செருகினாள். வண்டி நின்றது. டிராலிக்காரர் அதை ஒரு காலால் உதைத்துப் பார்த்தார். அப்போதும் நின்றது.

அன்றைக்குத் தியேட்டர் துணி பத்தரை லிஃப்டில் போனது.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேடத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இரண்டு பக்கத்து ஆட்களையும் பின்முற்றத்தில் ஒன்றாகக் கூட்டினார். முதல் தடவையாக அந்தப் பக்கத்து முகங்களைப் பார்த்தோம். எல்லாம் சாதாரண முகங்கள். பயில்வான் எங்களைப் பார்த்துக் கும்பிடுவதா வேண்டாமா என்று கையைப் பாதி தூக்கி வைத்திருந்தார். என்ன நடந்தது என்று எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார் மேடம்.

அக்கா நடந்ததை நடந்தபடி சொன்னாள். மெஷினில் கோளாறு இல்லை. அந்தப் பக்கத்தில் தியேட்டர் துணியை முதல் ஆளாகப் போட்டார்கள். நம் பக்கத்தில்தான் கதவைத் திறக்காமல் விட்டோம்.

பயில்வான் வாயைப் பிளந்தார். "அப்ப அவ சீக்காளி இல்லியா? நாலு தடவ அறுத்துப் பாத்தோமே, பாவம்!"

அந்தப் பக்கம் கொல்லென்று சிரித்தது. எங்கள் பக்கத்தில் ஒரு முகத்தில்கூட ஈயாடவில்லை.

மேடம் கேட்டார்: "மூணாம் நம்பர் யாரு பார்க்கிறது?"

முற்றத்துச் சிமெண்டில் ஒரு விரிசல் இருந்தது. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

"யாரா இருந்தா என்ன மேடம்?" என்றாள் அக்கா. "ஆள மாத்தினாலும் டிராலி அங்கதான நின்னிருக்கும். பத்தொன்பது வருஷம் அந்தக் கதவுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். நானும்தான் சொல்லல. என்னையும் சேர்த்துக்குங்க."

திரும்பி வரும்போதே தையல்காரம்மா ஆரம்பித்துவிட்டார். "நம்ம பேரை நடுமுற்றத்துல வச்சு நாறடிச்சிட்டா. அந்த ஆம்பளைங்க எப்படிச் சிரிச்சானுங்க பாத்தீங்களா? நம்ம கூட உட்கார்ந்து சாப்பிட்டவ!"

கதவைத் திறக்காதவள் நான் என்று மேஜையில் எல்லோருக்கும் தெரியும். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயில்லாப் பூச்சியை என்ன சொல்வது? கோபம் முழுக்க வாய் இருந்தவள்மேல் போனது. நான் அப்போது சொல்லியிருக்கலாம், அக்கா என்னைக் காப்பாற்றத்தான் அப்படிப் பேசினாள் என்று. வாக்கியம் முழுசாக மனசுக்குள் தயாராக இருந்தது. தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

மீதி இரண்டு மாதமும் துணி நேரத்துக்குப் போனது. மேலிருந்து போன் வருவது நின்றது. மேடம் சுவரில் ஒரு கோடு வரைந்த தாளை ஒட்டினார். கோடு மேலே மேலே போனது. அக்கா அதைக் கடந்து குளிக்கப் போவாள், குளித்து வருவாள்.

அவளுடைய இடத்தில் நான் துணி அடுக்கவில்லை. ஆனால் ஒருநாள் தையல்காரம்மாவின் கூடை அங்கே வந்தது. ஜன்னலோரம் வெயில் படுகிறது, நூல் வெளுக்கிறது என்றார்கள். பிறகு கூடைக்குப் பக்கத்தில் பித்தான் டப்பா. பிறகு ஐந்து பேரும் ஒவ்வொரு அங்குலம் தாராளமாக உட்கார்ந்தார்கள். மூன்று மாதம் முடிந்த அன்று காலை அக்கா டப்பாவோடு வந்து நின்றபோது, பெஞ்சு ஜன்னலிலிருந்து என்வரை அடைத்துக் கிடந்தது.

"கூடைய கொஞ்சம் எடுத்துக்கறியா?" என்றாள்.

"எங்க வைக்கிறது? தரை ஈரம்" என்றார் தையல்காரம்மா, தலையைத் தூக்காமல். "நீதான் ரெண்டு பக்கமும் போற ஆளாச்சே. எங்கயும் உட்காரலாம்."

நான் கடைசி ஆள். எனக்கு அடுத்துப் பெஞ்சு முடிந்துவிடும். இருந்தாலும் எழுந்து கொடுத்திருக்கலாம். எழவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள், கோபமாக இல்லை, முறுக்கிய தலையணை உறையைப் பார்த்தாளே, அதே பார்வை.

"பரவால்ல. நின்னு நின்னு பழகிடுச்சு."

நாலு நாள் மேஜையின் முனையில் நின்றுகொண்டே மடித்தாள். மோவாயில் மாட்டுவாள், உதறுவாள், விரிப்பு விழும். பேச்சு வரவில்லை. நாலாவது நாள் மேடம் பார்த்துவிட்டார். முகம் சிவந்து, "நான் சொல்றேன் அவங்ககிட்ட. உங்க இடம் உங்களுக்குன்னு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார்.

"வேணாம் மேடம்" என்றாள் அக்கா. "நீங்க சொல்லி நகர்ந்தா எனக்குப் பெஞ்சு கிடைக்கும், இடம் கிடைக்காது. அந்தப் பக்கத்துல ஒரு ஆள் குறையுதுன்னு பயில்வான் அண்ணன் சொன்னாரு. என்னை அங்க போட்டுடுங்க."

அந்தப் பக்கத்தில் பெண்கள் வேலை செய்ததில்லை. மேடம் யோசித்தார், பிறகு சரி என்றார். அக்கா டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என் பின்னால் வந்தபோது குனிந்து, "மூணாம் நம்பரைப் பார்த்துக்க" என்று மட்டும் சொன்னாள். அதன்பின் அவள் குரலை நான் கேட்கவில்லை.

செய்தி டிராலிக்காரர் மூலம் வரும். கவிழ்த்துப் போட்ட ஒரு தொட்டியை அவளுக்கு உட்காரக் கொடுத்திருக்கிறார்களாம். பயில்வான் தன்னுடைய மெஷினையே அவளுக்கு விட்டுவிட்டு நாலாம் நம்பருக்குப் போய்விட்டாராம். மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். ஆனால் அவர்கள் சாப்பிடும்போது அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாளாம். ஆண்கள் தங்களுக்குள் பேசும் பேச்சு அவள் வந்ததும் சுருங்கிவிடுகிறதாம்.

அவள் போன மூன்றாவது நாள். மூன்றாம் நம்பரைத் திறந்து தியேட்டர் துணியை இழுத்தேன். பந்து வரவில்லை. அங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக, தனித்தனியாக வந்தன. எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு அங்கியிலும் அதனதன் நாடாவை அதனதன் இடுப்பிலேயே ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டிருந்தது. ஒரு நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சு. அக்கா சாப்பாட்டுப் பையைக் கட்டும் முடிச்சு. தலையணை உறைகள் எல்லாம் நல்ல பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டிருந்தன. மடிக்கிறவளுக்கு எங்கே கை நோகும் என்று மடித்தவளுக்குத்தான் தெரியும். அரைமணி நேர வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

ஒரு மாதத்தில் மேடம் அதைக் கவனித்து, ஐந்து மெஷினுக்கும் அப்படியே செய்யச் சொன்னார். இப்போது வருஷத்துக்கு இரண்டு வாரம் எல்லோரும் பக்கம் மாறி வேலை செய்ய வேண்டும் என்று சட்டம். தையல்காரம்மாகூட மூக்கைப் பொத்திக்கொண்டு போய் வந்தார். வந்து, "அங்க நிக்கவே முடியல, அந்தச் சூடும் நாத்தமும். பாவம்டி அவனுங்க" என்றார். அக்காவைப் பார்த்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "மெலிஞ்சிட்டா" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த ஒரு அடி பெஞ்சு அதன்பின் காலியாகவே இருக்கிறது. யாரும் உட்காருவதில்லை.

எனக்கு மாற்று வாரம் வந்தபோது அவளும் இந்தப் பக்கம் வந்துவிட்டாள். சட்டம் அப்படி. ஒருத்தி அங்கே என்றால் மற்றவள் இங்கே. எங்கள் இருவருக்கும் மெஷின் ஒன்று, அதனால் எந்த வருஷமும் ஒரே பக்கத்தில் இருக்க மாட்டோம். அவளுடைய தொட்டியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அது என் உயரத்துக்குத் தாழ்வு. அவள் இங்கே வந்த அந்த இரண்டு வாரம் அவளுடைய பழைய இடத்தில் உட்கார்ந்தாளா, நின்றாளா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

போன வாரம் ஒருநாள் ஆப்பைக் காணவில்லை. யாரோ கூட்டித் தள்ளியிருப்பார்கள். டிராலிக்காரர் பழையபடி வண்டியை மூன்றாம் நம்பருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டு விரிப்பு ஏற்ற ஆரம்பித்தார். ஒன்பது இருபது ஆனது. பச்சை விளக்கு எரிந்தது. நான் எழுந்து போய் அவர் பின்னால் நின்றேன்.

"அண்ணே, வண்டிய நகர்த்துங்க. கதவு திறக்கணும்."

"ம்" என்றார். நகர்த்திவிட்டுச் சக்கரத்துக்குத் தன் காலை அணையாகக் கொடுத்துக்கொண்டு மறுபடி விரிப்பு எடுத்து வைத்தார். அவ்வளவுதான். அதற்குப் பதினோரு வருஷம்.

கதவைத் திறந்தேன். முடிச்சுப் போட்ட அங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். கதவைச் சாத்தியதும், டிரம் காலியான அந்தக் கொஞ்ச நேரத்தில் குனிந்து பார்த்தேன். தினமும் பார்ப்பேன். அந்தப் பக்கத்துக் கண்ணாடிக்கு அப்பால் அவளும் குனிந்திருந்தாள். முடி காய்ந்து, காதோரம் பறந்துகொண்டிருந்தது. இப்போது ஒரு நாளைக்கு ஒரு குளியல்தானே. நீல உறை போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். நானும் தூக்கினேன். அவள் வாய் அசைந்தது. ஏதோ சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள். இரண்டு கண்ணாடி, நடுவில் ஒரு டிரம், ஒன்றும் கேட்கவில்லை. நான் டிராலியைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கும் கேட்டிருக்காது.

பிறகு அவள் நிமிர்ந்தாள். அவள் போட்ட துணி ஒவ்வொன்றாக உள்ளே வந்து விழுந்து, கண்ணாடி நிறைந்தது.